பசியை அடக்கும் புதுமருந்து: யாருடைய உடம்பில் சோதனை?

பழைய ஏற்பாட்டிலே தானியேல் ஆகமத்தின் முதலாம் அதிகாரத்தில் ஒரு சோதனை வருகின்றது. பாபிலோன் அரசனுடைய பந்தி உணவையும் மதுவையும் உண்ண மனமில்லாத தானியேலும் அவருடைய மூன்று தோழர்களும், பத்து நாட்களுக்குத் தங்களுக்கு மரக்கறி உணவும் தண்ணீரும் மட்டும் தந்து பார்க்கும்படி கண்காணிப்பாளனைக் கேட்டுக்கொள்கின்றனர். பத்து நாள் கழிந்ததும், அரச உணவை உண்ட மற்ற இளைஞரோடு தங்களை ஒப்பிட்டு முடிவு செய்யலாம் என்கின்றனர். குறித்த காலம், இருவகை உணவு, கடைசியில் ஒப்பீடு. மருத்துவ ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதுவோர் பலர் முதற் சான்றாக இந்தப் பகுதியைத்தான் எடுத்துக் காட்டுகின்றனர்.

நாம் இங்கே கவனிக்க வேண்டியது அந்தச் சோதனையின் முறையை அல்ல, அதன் நீதியை. தானியேல் சிறைப்பட்டு அந்நிய நாட்டிலே இருந்தவர். அப்படியிருந்தும் அந்தச் சோதனையைக் கேட்டவர் அவரே. என்ன உண்ணப் போகிறோம், எத்தனை நாளுக்கு, யாரோடு ஒப்பிடப்படுவோம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. சோதனையால் வந்த நன்மையும் அவரைச் சேர்ந்தது. மனிதனை மனிதனாக மதிக்கும் எந்தச் சோதனைக்கும் இவை இருக்க வேண்டும்.

இன்று உலகெங்கும் பேசப்படும் ஒரு புதிய மருந்தைப் பற்றிச் சிந்திக்கையில் இந்த அதிகாரம் நமக்கு உதவும். ரெட்டாட்ரூடைட் என்பது அதன் பெயர். உணவு செரிக்கும்போது உடலில் சுரக்கும் ஓமோன்களைப் போல நடித்து, பசியை அடக்கி, உடற் பருமனைக் குறைக்கும் ஊசி மருந்து அது. பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் கொழுந்து பறிக்கும் மக்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. சீனி வியாதி இன்று லயன்களுக்குள்ளும் வந்துவிட்டது. எந்த மூலையில் விற்கும் மருந்தின் விளம்பரமும் கைத்தொலைபேசி வழியாக எந்த லயனுக்கும் வந்துவிடுகின்றது. எல்லாவற்றிலும் மேலாக, வயிற்றுக்கான புதிய மருந்தொன்று தங்கள் மக்கள்மீது சோதிக்கப்பட்டதை இந்த நாட்டின் தோட்டங்கள் நூறாண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கின்றன.

மருந்து என்ன செய்கின்றது?

உணவு இரைப்பையிலிருந்து குடலுக்கு இறங்கியதும், குடற்சுவரிலுள்ள சில கலங்கள் இரத்தத்திலே இரசாயனத் தூதுகளை அனுப்புகின்றன. இவையே ஓமோன்கள். ஓமோன் என்று முதன்முதலில் இனங்காணப்பட்டதும் குடலிலே சுரக்கும் ஒன்றுதான். 1902-ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு அறிஞர்கள் அதைக் கண்டு செக்ரட்டின் என்று பெயரிட்டார்கள். ஓமோனை ஒரு திறப்பு என்று வைத்துக்கொண்டால், உடலின் கலங்களிலே அதற்குரிய பூட்டுகள் இருக்கின்றன. அந்தப் பூட்டுகளுக்கு வாங்கிகள் என்று பெயர். திறப்பு பூட்டிலே பொருந்தியதும் கலம் தன் வேலையைத் தொடங்குகின்றது.

குடலில் சுரக்கும் ஜீ.எல்.பி.-1 என்ற ஓமோன் மூன்று வேலைகளைச் செய்கின்றது. சதையியைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றது. இரைப்பை வெறுமையாவதைத் தாமதப்படுத்துகின்றது. உண்டது போதும் என்று மூளைக்கு அறிவிக்கின்றது. ஆனால் இயற்கையிலே இது சுரந்த ஓரிரு நிமிடங்களில் அழிந்துவிடும். நீடித்து நிற்கும் திறப்பு ஒன்றைச் செய்வதே அறிவியலாளரின் முயற்சியாயிற்று. 1992-ல் அமெரிக்காவிலே ஜோன் எங் என்ற மருத்துவர், பாலைவனத்தில் வாழும் கீலா என்ற நச்சுப் பல்லியின் நஞ்சில் இந்த ஓமோனை ஒத்த பொருளொன்றைக் கண்டார். அதிலிருந்து பிறந்த எக்செனடைட் என்ற நீரிழிவு மருந்து 2005-ல் அங்கே அனுமதி பெற்றது. மருந்துகளை மண்ணிலே வைத்தவர் ஆண்டவரே என்றும், அறிவாளி அவற்றை அலட்சியம் செய்யமாட்டான் என்றும் சீராக் ஆகமத்தின் 38-ம் அதிகாரம் போதிக்கின்றது. பல்லியின் நஞ்சிலும் மருந்தை வைத்த படைப்பாளரை நாம் புகழ்வதில் தவறில்லை.

எக்செனடைட்டுக்குப் பின் இந்த வகை மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செமகுளுடைட் ஒரு பூட்டைத் திறப்பது. 2022-ல் அனுமதி பெற்ற டிர்செபடைட் இரண்டு பூட்டுகளைத் திறப்பது. ரெட்டாட்ரூடைட் மூன்று பூட்டுகளைத் திறப்பது: ஜீ.எல்.பி.-1, ஜீ.ஐ.பி., குளுக்ககன் ஆகியவற்றின் வாங்கிகளை. அமெரிக்காவில் 338 பேரிடம் நடத்தப்பட்ட இரண்டாம் கட்டச் சோதனையின் முடிவுகள் 2023-ல் வெளியாகின. மிகக் கூடிய அளவு மருந்தைப் பெற்றவர்கள் 48 வாரங்களில் தங்கள் எடையில் சராசரியாக நூற்றுக்கு 24 பங்கை இழந்தார்கள். மருந்தில்லாத வெறும் ஊசியைப் பெற்றவர்கள் இழந்தது நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஓங்காளம், வாந்தி, வயிற்றோட்டம், மலச்சிக்கல் ஆகியன பலருக்கு ஏற்பட்டன. இதயத் துடிப்பின் வேகமும் கூடிப் பின் தணிந்தது. இதற்குப் பின் பல்லாயிரம் பேரைக் கொண்ட மூன்றாம் கட்டச் சோதனைகள் தொடங்கின. 2025-ம் ஆண்டு முடியும்வரை எந்த நாட்டு அதிகாரசபையும் இதனை விற்பனைக்கு அனுமதிக்கவில்லை. ஆகவே நாம் பேசுவது முற்றிலும் அறியப்பட்ட ஒரு மருந்தைப் பற்றியல்ல, சோதனையில் இருந்த ஒன்றைப் பற்றி.

பசி பாவமா?

பக்தியுள்ள சிலர் இத்தகைய மருந்துகளைப் பற்றிக் கேள்விப்பட்டதும் முகஞ் சுளிக்கின்றனர். "வாயைக் கட்டத் தெரியாதவனுக்கு ஊசி ஏன்? ஒருசந்தி இருந்தால் போதாதா?" என்கின்றனர். தலையான பாவங்கள் ஏழில் போசனப்பிரியமும் ஒன்று என்று ஞானோபதேசத்திலே நாமெல்லாம் படித்திருக்கின்றோம். ஆகவே இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

புனித தோமஸ் அக்குவினாஸ் இதைப் பற்றி எழுதும்போது ஒரு வேறுபாட்டைக் காட்டுகின்றார். உண்ண விரும்புவது பாவமன்று. புத்தியின் ஒழுங்கை மீறிய ஆசையே போசனப்பிரியம். பசி உடலின் இயற்கை, அதைப் படைத்தவர் கடவுள். இப்போது அறிவியல் இதற்கு மேலும் ஒன்றைச் சொல்கின்றது. பசியின் அளவும் நிறைவின் அளவும் மனவுறுதியால் மட்டும் நடப்பவை அல்ல. ஓமோன்களும் அவற்றின் வாங்கிகளும் மனிதருக்கு மனிதர் வேறுபட்டு வேலை செய்கின்றன. ஒருவனுக்கு எளிதான ஒருசந்தி இன்னொருவனுக்குப் பெரும் போராட்டமாக இருப்பதற்கு அவனுடைய ஆன்மாவின் குறையே காரணம் என்று தீர்ப்பிட நமக்கு அதிகாரமில்லை. பருத்த உடம்பைக் கண்டதும் போசனப்பிரியன் என்று எண்ணுவது பிறர்மீது பொய்ச்சாட்சி சொல்வதற்குச் சமம்.

எமது மலைநாட்டில் இந்த உண்மை இன்னும் கூர்மையாகத் தெரிகின்றது. நமுனுகுலைச் சாரலில் மலைக்குப் போகும் நாற்பத்தைந்து வயதுத் தாய் ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். விடியற்காலை பிரட்டுக்கு முன் சீனி போட்ட தேத்தண்ணீர். காலையிலும் மத்தியானத்திலும் கோதுமை மா ரொட்டி. இரவிலே சோறு. முட்டையும் மீனும் பருப்பும் கையில் காசு இருக்கும் நாளைப் பொறுத்தவை. அவளுக்குச் சீனி வியாதி வந்தால் அது விருந்துண்டு வந்ததல்ல. மலிவானதை மட்டும் உண்ண நேர்ந்ததால் வந்தது.

அவளுடைய பிறப்புக்கு முன்னுள்ள கதையும் இதிலே சேரும். பிரித்தானிய மருத்துவ அறிஞர்களான ஹேல்ஸ், பார்க்கர் இருவரும் 1992-ல் ஒரு கருத்தை முன்வைத்தனர். தாயின் வயிற்றிலே போதிய போசாக்கில்லாமல் வளர்ந்த குழந்தையின் உடல், பஞ்சத்தை எதிர்பார்த்துத் தன்னை அமைத்துக்கொள்கின்றது. பிற்காலத்தில் மாவும் சீனியும் தாராளமாகக் கிடைக்கும்போது அந்த உடல் தாக்குப்பிடிக்க முடியாமல் நீரிழிவுக்கு ஆளாகின்றது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் கடல் கடந்து வந்தவர்களும், 1973-74 உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களிலே பட்டினி கிடந்தவர்களும் எம் மக்களின் முன்னோர். இலங்கையின் 2016-ம் ஆண்டுச் சுகாதார ஆய்வின்படி, தோட்டப் பகுதியில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 31.7 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாடு முழுவதற்குமான கணக்கு 17.3. இன்று உயரம் குன்றிய பிள்ளை நாளை நீரிழிவு நோயாளியாகக்கூடும். ஒரே குடும்பத்தில் பட்டினியும் சீனி வியாதியும் தாயும் பிள்ளையும் போல இருக்கின்றன.

ஆகவே முதற் கேள்விக்கு விடை தெளிவு. நோயாளி ஒருவர் தகுந்த மருத்துவரின் ஆலோசனையோடு, அனுமதிக்கப்பட்ட மருந்தினால் பசியைத் தணித்து உடல்நலம் தேடுவது பாவமன்று. அது ஒருசந்திக்கு எதிரானதுமன்று. ஒருசந்தி கடவுளுக்காகவும் அயலானுக்காகவும் மனிதன் சுதந்திரமாகக் கொடுக்கும் காணிக்கை. மருந்து நோய்க்குப் பரிகாரம். ஊசியினால் பசி அடங்கியவன் அதைத் தன் புண்ணியம் என்று பெருமை கொள்ள வேண்டியதில்லை. அந்த ஊசி தேவைப்பட்டவன் வெட்கப்படவும் வேண்டியதில்லை. நலமாயிருப்பவர்கள் அழகுக்காக மட்டும் இதை நாடும்போது, உடலை வணக்கத்துக்குரியதாக்கும் நோய் உள்ளே புகுகின்றது. அதைத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கண்டிக்கின்றது.

தோட்டங்களில் நடந்த சோதனை

ஆனால் மருந்து நல்லதாக இருப்பதனால் மட்டும், அதைக் கொண்டு செய்யப்படும் எல்லாமே நல்லதாகிவிடாது. இதற்கு எமது நாட்டுத் தோட்டங்களின் வரலாறே சாட்சி.

1916-ல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் கொழுக்கிப் புழு நோயை ஒழிக்கும் இயக்கமொன்றை இலங்கையில் தொடங்கியது. மாத்தளைப் பகுதித் தேயிலை, றப்பர்த் தோட்டங்களில் வேலை ஆரம்பமானது. குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும் அந்தப் புழு, தோட்டத் தொழிலாளரில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் இருந்ததாகக் கண்டறியப்பட்டது. கீனோபோடியம் என்ற எண்ணெயையும் அதனோடு பேதி மருந்தையும் கொடுத்தார்கள். அளவு மீறினால் உயிருக்கே ஆபத்தான எண்ணெய் அது. இதனால் பலர் நோய் நீங்கிப் பலம் பெற்றார்கள் என்பதை மறைக்கக் கூடாது. ஆனாலும் தோட்டத் துரைமாரிடம் எடுத்துச் சொல்லப்பட்ட நியாயம் என்ன? புழு நீங்கிய தொழிலாளி கூடுதலாக வேலை செய்வான் என்பது. தொழிலாளியின் சுகம் அவனுக்காக அல்ல, கொழுந்துக்காக வேண்டியிருந்தது.

மருந்து குடித்தவர்களில் பலருக்கு மறுபடியும் புழு வந்தது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. லயன்களுக்கு மலசலகூடங்கள் இல்லை. வெறுங்காலோடு நடந்த மண்ணிலேயே புழுவும் இருந்தது. மலசலகூடம் கட்டப் பணம் செலவிட வேண்டும் என்றதும் பல துரைமார் பின்வாங்கினர். மருந்து மலிவு, கட்டடம் செலவு. செய்யவேண்டிய நீதிக்குப் பதிலாக மருந்து கொடுக்கப்பட்டது.

1921-ல் அமெரிக்காவில் காபன் டெட்ராகுளோரைட் என்ற இரசாயனம் கொழுக்கிப் புழுவைக் கொல்லும் என்று கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இலங்கையிலே அது சோதிக்கப்பட்டது. அது ஈரலைக் கெடுக்குமா என்று அறிவதற்காக, மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த கைதிகள் சிலருக்கு அது கொடுக்கப்பட்டது. அவர்கள் தூக்கிலிடப்பட்ட பின் உடல்கள் திறந்து பார்க்கப்பட்டன. முடிவுகள் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியாகின. பிற்காலத்தில் அந்த இரசாயனம் ஈரலுக்கு நஞ்சு என்று தெளிவாகி மருத்துவத்திலிருந்து கைவிடப்பட்டது.

அந்தக் கைதிகள் சம்மதித்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். தூக்குமேடையை எதிர்நோக்கி நிற்பவனுடைய சம்மதம் எப்படிப்பட்ட சம்மதம்? பிரட்டுக் களத்திலே நிறுத்தப்பட்டுத் துரையின் கட்டளைப்படி எண்ணெயைக் குடித்த தொழிலாளியின் சம்மதம் எப்படிப்பட்டது? மறுத்தால் பேர் விழாது, வீடு போகும், ஊருக்குத் திரும்பவும் வழியில்லை என்றிருந்தவன் தலையசைத்ததைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளலாமா?

மூன்று கேள்விகள்

ஒரு செயலின் நன்மை தீமையை அறிய அதன் பொருள், நோக்கம், சூழ்நிலை ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும் என்று நமது ஒழுக்க இயல் போதிக்கின்றது. மருந்துச் சோதனை விடயத்தில் இதை மூன்று கேள்விகளாகக் கேட்கலாம்: யாருடைய சம்மதத்தோடு? எதற்குப் பதிலாக? யாருக்காக?

யாருடைய சம்மதத்தோடு? 1952 செப்டெம்பர் 14-ல் நரம்பியல் அறிஞர்களுக்கு உரையாற்றிய பாப்பரசர் 12-ம் பத்திநாதர், மருத்துவ ஆராய்ச்சியின் எல்லைகளை வரையறுத்தார். மனிதன் தன் உடலுக்கு முழு உரிமையாளன் அல்ல, அதைப் பயன்படுத்தப் பெற்றவன் மட்டுமே என்றார். ஆகவே தன் உடலையும் உயிரையும் இஷ்டம்போல் ஆபத்துக்குள்ளாக்க அவனுக்கே உரிமையில்லை. அவனுக்கில்லாத உரிமையை அவன் மருத்துவனுக்குக் கொடுக்கவும் முடியாது. சமுதாயத்தின் நன்மைக்காகத் தனிமனிதனைப் பலியிடலாம் என்பதையும் பாப்பரசர் மறுத்தார். கை உடலுக்காக இருப்பதுபோல் மனிதன் சமுதாயத்துக்காக மட்டும் இருப்பவனல்ல. நாசிகளின் முகாம்களில் நடந்த கொடுமைகளுக்குப் பின் 1947-ல் நியூரம்பெர்க்கில் வகுக்கப்பட்ட விதிகளும், 1964-ல் ஹெல்சிங்கியில் உலக மருத்துவச் சங்கம் செய்த பிரகடனமும், சோதனைக்குட்படுபவரின் சுதந்திரமான சம்மதத்தைக் கட்டாயமாக்கின. அப்படியிருந்தும் அமெரிக்காவில் டஸ்கீகி என்ற இடத்தில், மேகநோய் கொண்ட ஏறத்தாழ 400 ஏழைக் கறுப்பின மக்களுக்கு உண்மையைச் சொல்லாமலும் தகுந்த சிகிச்சை அளிக்காமலும் வேடிக்கை பார்க்கும் ஆராய்ச்சி 1932 முதல் 1972 வரை நடந்தது. சட்டம் எழுதினால் மட்டும் போதாது என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை. ஏழையிடம் சம்மதம் கேட்பவர் அவனுடைய பாஷையில் கேட்க வேண்டும். மறுத்தால் அவனுக்கு ஒரு தீங்கும் வராது என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

எதற்குப் பதிலாக? மலசலகூடத்துக்குப் பதிலாக எண்ணெய் கொடுக்கப்பட்டது போல, நாளை நல்ல உணவுக்குப் பதிலாக ஊசி கொடுக்கப்படலாம். சீனியும் மாவும் எண்ணெயும் மலிவாகவும், மரக்கறியும் புரதமும் எட்டாமலும் இருக்கும் சந்தையை அப்படியே விட்டுவிட்டு, அதனால் நோயுறுவோருக்கு ஊசி போடுவது யாருக்கு இலாபம்? இந்த வகை மருந்தை நிறுத்தியவர்களுக்கு எடை திரும்பி வருகின்றது. செமகுளுடைட்டை நிறுத்தியவர்கள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் மீண்டும் பெற்றதாக 2022-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே இது சில மாதச் சிகிச்சை அல்ல. நீண்ட காலம், பலருக்கு ஆயுள் முழுவதும் தொடர வேண்டிய மருந்து. காரணத்தைத் தொடாமல் விளைவை மட்டும் அடக்கும் மருந்தை, காரணத்தைக் களையும் கடமையிலிருந்து தப்பும் வழியாக அரசாங்கமோ கம்பனியோ பயன்படுத்தக் கூடாது.

யாருக்காக? பூமியின் பொருள்கள் எல்லா மக்களுக்கும் உரியவை என்று 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற சங்க ஏடு 1965-ல் போதித்தது. அறிவின் கனிகளும் இதிலே அடங்கும். 2025 மார்ச்சு மாதம் இந்தியாவில் டிர்செபடைட் விற்பனைக்கு வந்தபோது, ஒரு வாரத்துக்குரிய மிகக் குறைந்த அளவு ஊசியின் விலை 3,500 இந்திய ரூபா. எமது பணத்தில் அது ஏறத்தாழ 12,000 ரூபா. தோட்டத் தொழிலாளருக்கு 2024-ல் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் ஒரு வார ஊசிக்கு ஒன்பது நாள் கூலி வேண்டும். ஒரு வாரத்திலோ ஏழு நாள்தான் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2025 செப்டெம்பரில் இந்த வகை மருந்துகள் சிலவற்றை, ஆபத்து மிகுந்த நீரிழிவு நோயாளருக்கென அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலே சேர்த்தது. அத்தியாவசியம் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட ஒன்று ஏழைக்கு எட்டாமல் இருப்பது அநீதி என்பதும் அதனோடு ஒப்புக்கொள்ளப்பட வேண்டும்.

இந்த அநீதிக்கு வழியே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஊவாவின் பீபிலைக் குடும்பத்தில் 1920-ல் பிறந்த பேராசிரியர் சேனக பீபிலே, எங்கள் மாகாணம் உலகுக்குத் தந்த வழிகாட்டி. 1971-ல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் தலைவரான அவர், கம்பனிப் பெயர்களை விட்டு மருந்தின் உரிய பெயரிலேயே கொள்வனவு செய்து, தேவையற்றவற்றை நீக்கி, நல்ல மருந்து மலிவாக எல்லோருக்கும் கிடைக்கும் ஒழுங்கை ஏற்படுத்தினார். 1977-ல் கயானாவில் அவர் இறந்தார். உலகின் பல நாடுகள் அவருடைய வழியிலே அத்தியாவசிய மருந்துக் கொள்கைகளை வகுத்தன. செமகுளுடைட்டின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச்சு வரையே. காப்புரிமை தீர்ந்த மருந்தைப் பல கம்பனிகள் செய்யும்போது விலை இறங்கும். அப்போது பீபிலே காட்டிய வழியில் அதை வாங்கி, மிகத் தேவையான நோயாளருக்கு அரச கிளினிக்குகளில் கொடுக்க நமது நாடு ஆயத்தமாக இருக்குமா என்று கேட்பது குடிமக்களின் கடமை.

தபாலில் வரும் குப்பி

அன்பான வாசகர்களே, இவ்வளவும் அறிஞரும் அரசாங்கமும் கவனிக்க வேண்டியவை. நாம் ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டிய ஆபத்தொன்றும் உண்டு.

ரெட்டாட்ரூடைட் என்ற பெயரில் வெள்ளைத் தூள் நிரப்பிய சிறு குப்பிகள் வெளிநாடுகளில் இணையவழி விற்கப்படுகின்றன. ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்கு அல்ல என்று குப்பியிலே அச்சிட்டுவிட்டு, மனிதருக்கே அவற்றை விற்கின்றனர். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இப்படி விற்றோருக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியிருக்கின்றது. குப்பிக்குள் இருப்பது அந்த மருந்துதானா, எவ்வளவு இருக்கின்றது, சுத்தமானதா என்பதை வாங்குபவன் அறிய வழியில்லை.

ஒழுங்கான சோதனையில் சேருபவருக்கு மருத்துவர் இருக்கின்றார். இரத்தம் பரிசோதிக்கப்படுகின்றது. ஆபத்து வந்தால் சோதனை நிறுத்தப்படுகின்றது. அவர் உடம்பால் கிடைக்கும் அறிவு நாளைய நோயாளிக்கு உதவுகின்றது. குப்பியை வாங்கித் தானே ஏற்றிக்கொள்பவருக்கு இவற்றில் ஒன்றுமில்லை. அவர் பட்ட துன்பத்தால் யாரும் எதையும் கற்றுக்கொள்வதுமில்லை. நூறாண்டுகளுக்கு முன் தோட்டத் தொழிலாளியைக் கட்டாயப்படுத்தினார்கள். இன்று விளம்பரத்தில் மயங்கி மனிதன் காசு கொடுத்துத் தானே சோதனைப் பிராணியாகின்றான். உடல் தனக்குச் சொந்தம், என்ன செய்தால் என்ன என்ற எண்ணமே இதற்கு அடி. கடவுளிடம் பெற்ற உடலைக் குறித்து, பிள்ளைகளுக்கும் துணைக்கும் கடமைப்பட்ட ஒருவன் அப்படிப் பேச முடியாது.

கொழும்பிலும் வெளிநாடுகளிலும் வேலை செய்யும் எமது இளைஞரும் யுவதியரும் இதைக் கவனிக்க வேண்டும். ஊரிலுள்ள தாய் தந்தைக்கு அன்போடு மருந்து அனுப்புவோரும் கவனிக்க வேண்டும். 2015-ம் ஆண்டின் 5-ம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அனுமதிக்காத எதையும் அனுப்பாதிருங்கள். மெட்போமினும் இன்சுலினும் புதுமையானவை அல்ல என்று அலட்சியம் செய்யாதீர்கள். அவை பல ஆண்டுகளாகச் சோதித்து அறியப்பட்டவை, அரச கிளினிக்குகளில் இலவசமாகக் கொடுக்கப்படுபவை. கிளினிக் நாளில் அரைப்பேர் விழுமே என்று பயந்து பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போகாமல் நிற்கும் தாய்மாருக்கு இன்று முதலில் வேண்டியது மூன்று பூட்டைத் திறக்கும் ஊசியல்ல. சம்பளம் வெட்டப்படாத ஒரு கிளினிக் நாளே அவர்களுக்கு வேண்டும். அதைத் தோட்ட நிர்வாகங்கள் கொடுக்கலாம். தொழிற்சங்கங்கள் கேட்கலாம்.

பங்குகளிலும் செய்யக்கூடியது உண்டு. தபசு காலத்தில் ஒருசந்தி இருப்போர் தாங்கள் உண்ணாது மிச்சம்பிடித்ததைச் சில்லறைக் காசாக உண்டியலில் போடுவதோடு நின்றுவிடாமல், கர்ப்பிணித் தாய்மாருக்கு முட்டையும் பயறும் பருப்புமாகக் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். லயனுக்குப் பக்கத்திலுள்ள சிறு துண்டு நிலத்தில் கீரையும் போஞ்சியும் பயிரிட இளைஞர் மன்றங்கள் உதவலாம். கருவிலிருக்கும் பிள்ளைக்கு இன்று கொடுக்கும் ஒரு முட்டை, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஊசியை வேண்டாததாக்கக்கூடும்.

புதிய மருந்து நல்லதென நிரூபிக்கப்பட்டால் நாம் அதை நன்றியோடு வரவேற்போம். நிரூபிக்கப்படும்வரை பொறுத்திருப்போம். அது வந்த பின்னரும், யாருடைய சம்மதத்தோடு, எதற்குப் பதிலாக, யாருக்காக என்று கேட்பதை விடக் கூடாது. எமது முன்னோரைக் கேட்காமலே மருந்தைக் குடிக்க வைத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளாகிய நாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே வாயைத் திறப்போம், கையை நீட்டுவோம்.